சுன்னாகம்: கல் நடப்படாத வரலாறு

எங்களூரின் தொன்மை பற்றிப் பேச்செழுந்தால் நண்பர்கள் நேரே கந்தரோடைக்குப் போய்விடுகிறார்கள். பக்கத்திலிருக்கும் சுன்னாகம் சந்தையில் யாரும் நிற்பதில்லை. வரலாறு கற்பித்த நானும் நின்றதில்லை. இக்கட்டுரை அந்தத் தவறு பற்றியது.

கந்தரோடையின் முக்கியத்துவத்தை மறுப்பதற்கில்லை. 1917 முதல் போல் ஈ. பீரிஸ் மேற்கொண்ட ஆய்வுகள் அங்கிருந்த சிறு தூபிகளைக் கவனத்துக்குக் கொண்டுவந்தன. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தினர் அகழ்ந்தபோது, தென்னிந்தியப் பெருங்கற்காலப் பண்பாட்டோடு உறவுடைய கறுப்பு-சிவப்பு மட்கலங்கள் கிடைத்தன. கதுருகொட என்று பெயர் சொல்லிச் சிங்களத் தேசியம் அவ்விடத்தைத் தனதாக்குகிறது. நாமோ மணிமேகலையைப் பாடமாகப் படித்தவர்கள். ஆயினும் தமிழர் பௌத்தராகவும் இருந்தனர் என்று உரக்கச் சொல்லத் தயங்குகிறோம். இரு தரப்பும் தேடுவது காணி உறுதியைத்தான், வரலாற்றை அல்ல.

இந்த வழக்குக்கு வெளியே இன்னொரு மரபுரிமை இருக்கிறது. யாழ்ப்பாணத்துச் சந்தைகளுக்குப் போகும் வழிகளில் இருந்த சுமைதாங்கி, ஆவுரோஞ்சிக்கல், கேணி, மடம் ஆகியவை அவை. புகையிலையும் வாழைக்குலையும் தலையில் சுமந்து வந்தவர், பிறர் கையுதவியின்றி இறக்கிவைத்து ஆறுவதற்கே சுமைதாங்கி. கர்ப்பிணியாய் இறந்த பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். இங்கே தொழிற்சாலையில் எட்டு மணிநேரம் பெட்டி தூக்கும் எனக்கு அதன் அருமை முன்பைவிட நன்றாக விளங்குகிறது. ஆனால் இந்த அறத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. சுமையை இறக்க விட்ட சமூகம், பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் அள்ள எல்லோரையும் விடவில்லை.

2003இல், போர் ஓய்ந்திருந்த நேரம், மாணவர்களைக் கந்தரோடைக்கு அழைத்துச் சென்றேன். திரும்பும்போது சுன்னாகத்தில் தேநீர் குடித்தோம். ஒரு மாணவன் மெதுவாகச் சொன்னான்: "சேர், எங்கட அப்பப்பாவுக்கு இந்தப் பக்கத்துக் கடையளில போத்தலிலதான் தேத்தண்ணி குடுத்தவங்களாம்." நான் பேச்சை மாற்றினேன். எங்கள் வீட்டுக் கிணற்றடி ஞாபகம் வந்ததுதான் காரணம்.

அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். 1957ஆம் ஆண்டுச் சட்டம் பொது இடங்களில் சாதியின் பேரால் தடுப்பதைக் குற்றமாக்கியது. பல தேநீர்க் கடைகளும் கோயில்களும் அதைப் பொருட்படுத்தவில்லை. 1966 ஒக்ரோபர் 21 அன்று, தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் இதே சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டது. சண்முகதாசன் தலைமையிலான, சீன சார்புக் கம்யூனிஸ்ட் கட்சியினர் அதை ஒழுங்கு செய்தனர். பொலிசார் தடியடி நடத்தினர். ஊர்வலம் கலைந்துவிடவில்லை, யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. தேநீர்க் கடைகளிலும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலும் நடந்த போராட்டங்கள் இதன் தொடர்ச்சியே.

நான் அங்கு வாழ்ந்த காலத்தில் இதைச் சொல்லும் கல்லொன்றையும் சுன்னாகத்தில் கண்டதில்லை. தூபிக்கு வேலி அடைத்தால் கொதிக்கிற நாங்கள் இந்த மறதியை மறதியென்றே உணரவில்லை. ஈராயிரம் ஆண்டுப் பெருமைக்குச் சான்று தேடும் நமக்கு, அப்பப்பாவின் போத்தல் சான்றாகப் படவில்லை.

அந்த ஊர்வலத்தில் நடந்த இளைஞர்கள் இன்று எண்பதைத் தொடுகிறார்கள், தாண்டியும் விட்டார்கள். சிலர் நமது நகரங்களிலேயே இருக்கக்கூடும். கல் நடுவது பிறகு நடக்கட்டும். முதலில் அவர்கள் சொல்வதைப் பதிவு செய்வோம். அந்த மாணவன் இதைப் படிக்க நேர்ந்தால், பாதியில் நான் மாற்றிய பேச்சை அவனே தொடர வேண்டும். இம்முறை நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.