எண்ணெயுண்ணும் நுண்ணங்கிகளும் உடைமையும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

மாணவர் ஆய்வுகூடங்களில் நிகழும் எளிய பரிசோதனையொன்றிலிருந்து தொடங்குவோம். கனிப்பொருள் உப்புக் கரைசல் கொண்ட இரு குடுவைகளில் சிறிதளவு எண்ணெய் இடப்படுகிறது. ஒன்றில் எண்ணெய் படிந்த மண்ணிலிருந்து பெற்ற பற்றீரியா சேர்க்கப்படுகிறது. மற்றையது கிருமியழிக்கப்பட்டு ஒப்பீட்டுக்காக வைக்கப்படுகிறது. இரண்டும் சில வாரங்கள் குலுக்கப்படுகின்றன. முதலாவதில் எண்ணெய் தெளிவாகக் கூடுதலாகக் குறைந்திருந்தாலன்றிப் பற்றீரியாவே அதனைச் சிதைத்தது எனக் கூற இயலாது. ஆவியாதலால் நேரும் இழப்பை நுண்ணங்கியின் செயலெனக் கொள்ளும் தவற்றை இவ்வொப்பீடே தடுக்கிறது.

இவ்வாற்றல் இயற்கையில் பரந்து காணப்படுவது என்பது புதிய செய்தியன்று. ஐதரோகாபன்கள் மீது நுண்ணங்கிகள் ஆற்றும் செயல் குறித்து அதுவரை அறியப்பட்டவற்றை அமெரிக்க அறிஞர் குளோட் சோபெல் 1946இலேயே விரிவாகத் தொகுத்தளித்தார். ஆயின், அறிவு எவருடைய உடைமையாகிறது என்ற வினா பின்னரே கூர்மையடைந்தது. ஜெனரல் எலெக்றிக் நிறுவனத்திற் பணியாற்றிய வங்காளத்தவரான ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, எண்ணெயின் வெவ்வேறு கூறுகளைச் சிதைக்கவல்ல பிளாஸ்மிட்டுகளை ஒரே சூடோமோனாசு பற்றீரியாவினுட் சேர்த்தார். 1972இல் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது. செய்முறைக்கு உரிமை வழங்க இசைந்த அலுவலகம், உயிரிக்கு அதனை மறுத்தது. 1980 ஜூன் 16இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில், மனிதன் ஆக்கிய உயிரியும் ஆக்கவுரிமைக்குரியதே எனத் தீர்ப்பளித்தது. உயிர் தனியுடைமையின் எல்லைக்குள் வந்த வரலாற்றில் இஃது ஒரு திருப்புமுனையாகும்.

ஆயினும், 1989 மார்ச் 24இல் எக்ஸன் வால்டீஸ் கப்பலிலிருந்து ஏறத்தாழ 4 கோடி லீற்றர் எண்ணெய் அலாஸ்காக் கடலிற் கலந்தபோது, அவ்வுயிரி துணைக்கழைக்கப்படவில்லை. நைதரசனும் பொசுபரசும் அடங்கிய உரங்களைக் கரையிலிட்டு, அங்கு ஏற்கெனவே வாழ்ந்த, எவருக்கும் உடைமையல்லாத பற்றீரியாக்களே ஊக்குவிக்கப்பட்டன. அவையும் முழுமையாக வெல்லவில்லை. ஒட்சிசன் எட்டாத கற்களின் அடியில் எண்ணெய் பல பத்தாண்டுகள் எஞ்சியிருந்தது. குலுக்கப்படும் குடுவை வேறு, கடற்கரை வேறு என்பது இவ்விடத்து மனங்கொளத்தக்கது.

எமது மண்ணும் இவ்வினாவுக்கு அந்நியமானதன்று. சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்தமை 2015 அளவிற் பெரும் மக்கட் பிரச்சினையாயிற்று. 2019இல் இலங்கை உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு மின்னுற்பத்தி நிறுவனமொன்று 2 கோடி ரூபா செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. அங்கு மக்களைத் திரட்டிய வினா, பற்றீரியா எண்ணெயைச் சிதைக்குமா என்பதன்று. குடிநீருக்குப் பொறுப்புக் கூறவேண்டியவர் யார் என்பதே.

விஞ்ஞானத்தை நாம் ஐயுறவில்லை. 'இயற்கை தானே தூய்மை செய்துகொள்ளும்' என்ற கூற்று, இலாபம் ஒருவர்க்கும் நட்டம் ஊருக்குமாக அமையும் உறவுகளை மறைக்கும் திரையாவதையே மறுக்கிறோம். ஒப்பீட்டுக் குடுவையின்றி முடிவு கூறலாகாது என மாணவர் கற்கின்றனர். அதே கண்டிப்பைச் சமூகத்தின் மீதும் செலுத்தக் கற்பதே எஞ்சியுள்ள பணியாகும்.