ஒரு வண்டி, பல மரைகள்: பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் உதிரிகளை அடையாளம் காணல்

1950களில் பிரிட்டனில் செய்த ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டால், நான்கைந்து வகை மரைகள் ஒரே தட்டில் வந்து விழும். இதை அந்நாட்டு ஆலைகளின் ஒழுங்கின்மை என்று பலர் சலித்துக்கொள்வதுண்டு. அந்தக் கருத்தை இக்கட்டுரை ஏற்கவில்லை. ஒவ்வொரு மரையும், அந்த உதிரி எந்தத் தொழிலிலிருந்து வண்டிக்குள் வந்தது என்பதன் சுவடு. அந்தத் தொழிலை அறியாமல் அளந்தால் அளவு மட்டும் கிடைக்கும், மரை பிடிபடாது.

பழமையானது விட்வொர்த் மரை. ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த இம்முறையில் மரையின் கோணம் 55 பாகை. முகடும் பள்ளமும் உருண்டிருக்கும். நீராவி எந்திரக் காலத்துப் பருமனான மரை இது. 5/16 அங்குல போல்ட்டில் அங்குலத்துக்கு 18 புரிகளே உண்டு. அதிர்வில் எளிதில் தளர்ந்ததால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே கோணத்தில், அதே விட்டத்துக்கு 22 புரிகள் கொண்ட பி.எஸ்.எஃப். என்னும் நுண்மரை வந்தது.

மோட்டார் சைக்கிளுக்கே உரிய மரை வேறிடத்தில் பிறந்தது. டிரயம்ப், பி.எஸ்.ஏ., ராயல் என்ஃபீல்டு ஆகிய மூன்றுமே மோட்டார் சைக்கிளுக்கு முன் சைக்கிள் செய்தவை. மெல்லிய குழாயில் ஆழமாக மரை வெட்டினால் குழாயே வலுவிழந்துவிடும். அதனால் சைக்கிள் பொறியாளர் கழகம் 1902இல் வகுத்த சி.இ.ஐ. மரை, 60 பாகைக் கோணத்தில் ஆழம் குறைந்ததாக அமைந்தது. 1/4 அங்குலமானாலும் 3/8 அங்குலமானாலும் புரி 26தான். அளவுக்கு அளவு புரி எண்ணிக்கை மாறும் விட்வொர்த்தோடு ஒப்பிட்டால் இது முற்றிலும் வேறான சிந்தனை. அலுமினிய எஞ்சின் கூட்டில் இறங்கும் ஸ்டட்கள் சிலவற்றில் இரண்டு மரபும் சந்திக்கின்றன: மென்மையான உலோகத்தைப் பற்றும் முனையில் விட்வொர்த், நட் ஏறும் முனையில் சி.இ.ஐ.

மின்கருவிகளிலும் கார்புரேட்டரிலும் உள்ள சிறு திருகுகள் பெரும்பாலும் பி.ஏ. மரை, கடிகாரத் திருகுகளின் சுவிஸ் மரபிலிருந்து 1884இல் உருவான இதன் கோணம் 47.5 பாகை. பெட்ரோல் குழாய்த் திறப்பில் குழாய்த் தொழிலின் மரை. அங்குல எஞ்சினில் ஏறும் ஸ்பார்க் பிளக் மட்டும் 14 அல்லது 18 மில்லிமீட்டர்.

ஏமாற்றும் இணைகள் சில உண்டு. 1/4 அங்குலத்தில் பி.எஸ்.எஃப்., சி.இ.ஐ. இரண்டுக்கும் புரி 26. வெர்னியரும் புரி எண்ணிக்கையும் ஒரே விடை தரும், கோணம்தான் வேறு. த்ரெட் கேஜின் பல்லை மரையில் பதித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இடைவெளி பார்ப்பதே வழி. 0 எண் பி.ஏ. திருகும் எம்6 திருகும் விட்டத்தில் 6 மி.மீ., பிட்சில் (அடுத்தடுத்த புரிகளின் இடைவெளியில்) 1 மி.மீ.; இங்கும் கோணமே பிரித்துக்காட்டும். அரை அங்குல விட்டமிருக்கும் பெட்ரோல் குழாய் மரைக்கு 1/4 என்று பெயர், ஏனெனில் அந்த எண் குழாயின் உள்துளையைக் குறித்தது. தேய்ந்த போல்ட் தன் பெயரளவைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

போல்ட்டின் தலையை நம்பவே கூடாது. விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்த எண் போல்ட்டின் விட்டம். 1/4 என்றிருந்தால் அதன் வாய் 0.525 அங்குலம். இரண்டாம் உலகப்போரின்போது எஃகைச் சேமிக்க விட்வொர்த் தலைகளை ஒருபடி சிறிதாக்கியதால், ஒரே விட்டத்துக்கு இரண்டு தலை அளவுகள் புழங்கின.

அந்தப் போர்தான் அமெரிக்க, பிரிட்டிஷ் மரைகள் ஒன்றோடொன்று சேராததன் கேட்டையும் உணர்த்தியது. 1948இல் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் மூன்றும் 60 பாகை ஒருங்கிணைந்த மரைக்கு உடன்பட்டன. மோட்டார் சைக்கிள் ஆலைகளோ 1960களின் பிற்பகுதியில்தான் அதற்குப் பெருமளவில் மாறின. மாறும் காலத்து வண்டிகளில் பழையதும் புதியதும் கலந்தே இருக்கும். 5/16 அங்குலத்தில் புதிய நுண்மரைக்குப் புரி 24, சி.இ.ஐ.க்கு 26. ஒன்றின் நட் மற்றதன் போல்ட்டில் இரண்டு சுற்று ஏறி இறுகும். அங்கேயே நிறுத்த வேண்டும்.

பிரிட்டனின் ரெட்டிச்சில் இருந்த ராயல் என்ஃபீல்டு ஆலையின் புல்லட் வண்டிக்கான உற்பத்திக் கருவிகள் 1957இல் சென்னை என்ஃபீல்டு இந்தியாவுக்கு விற்கப்பட்டன. ரெட்டிச்சில் உற்பத்தி நின்ற பிறகும் திருவொற்றியூரில் புல்லட் தொடர்ந்தது. அங்குல மரைகளும் அதனோடு நெடுங்காலம் தொடர்ந்தன. இங்கே கிடைக்கும் பழைய புல்லட் உதிரியை மெட்ரிக் என்று முன்கூட்டியே கொண்டு, எம்8 டாப் ஏற்றிக் கெடுத்த கூடுகள் ஏராளம்.