கட்-அவுட்: ஒரு பழைய வால்வின் கதை

நம்மூரில் கட்-அவுட் என்றால் தியேட்டர் வாசலில் பாலாபிஷேகம் வாங்கும் பலகைதான். போன மாதம் அக்கா பையன் வந்து, "மாமா, காருக்கு கட்-அவுட் போடப்போறேன்"னு சொன்னபோது எனக்கும் அதுதான் முதலில் ஞாபகம் வந்தது. அவன் சொன்னது வேற. சைலன்சருக்கு முன்னால் புகைக்குழாயை வெட்டி, ஒரு வால்வை வெல்டிங் வைக்கணும். சுவிட்சைத் தட்டினால் வால்வு திறந்து, புகை சைலன்சருக்குப் போகாமல் நேராக வெளியே வந்துவிடும். அவனுடையது 3 சிலிண்டர் டர்போ பெட்ரோல் கார்.

சரி, இது எப்போ ஆரம்பித்தது என்று தேட உட்கார்ந்தேன். புதுசு இல்லைங்க, நூறு வருசத்துக்கு மேலான சமாச்சாரம். 1900-களின் தொடக்கத்தில் வந்த சைலன்சர்கள் எஞ்சினின் மூச்சை அடைத்தன. அதனால் மேடு ஏறும்போது திறந்துகொள்ள, காலடியில் ஒரு பெடல் வைத்திருந்தார்கள். எந்த சிலிண்டர் சரியாக வெடிக்கவில்லை என்று காதால் கண்டுபிடிக்கவும் அது உதவியது. ஆனால் ஊருக்குள்ளேயும் திறந்துகொண்டே போனார்கள். குதிரைகள் மிரண்டன, சனங்கள் திட்டினார்கள். பிரிட்டன் 1912-லேயே சாலையில் இதைத் தடை செய்துவிட்டது.

டர்போவின் கதை தனி. ஆல்ஃபிரட் பியூகி என்ற சுவிஸ்காரர் 1905-ல் காப்புரிமை வாங்கினார். விற்பனைக்கு வந்த கார்களில் அது ஏற 1962 ஆனது. வெளியேறும் புகையே ஒரு டர்பைனைச் சுற்றும், அதே தண்டில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை எஞ்சினுக்குள் அமுக்கும். ஆகவே வால்வை டர்பைனுக்கு முன்னால் வைத்தால் காற்றழுத்தமே போச்சு, கார் மேடேறத் திணறும். பின்னால் வைத்தால் டர்பைனுக்குப் பிறகான தடை குறைந்து அது சீக்கிரம் வேகம் எடுக்கும். அந்த லாபம் நிஜம். ஆனால் வேஸ்ட்கேட் சமாளிக்க முடியாமல் அழுத்தம் அளவுக்கு மீறி ஏறவும் வாய்ப்பு உண்டு. வினையூக்கி மாற்றிக்கு முன்னாலேயே வெட்டினால், சுத்திகரிக்காத புகைதான் பின்னால் பைக்கில் வருபவர் மூஞ்சியில் அடிக்கும்.

மாப்ளைக்கு வேண்டியது வேகம் இல்லை, சத்தம். அவன் வளர்ந்தது செட்டிபாளையம் ரேஸ் டிராக்கைப் பார்த்து. எங்க ஊரில் இருந்து அதிக தூரமில்லை. 2003-ல் திறந்த அந்த 2.1 கிலோமீட்டர் தடத்துக்கு கரிவரதன் பெயர். லட்சுமி மில்ஸ் குடும்பத்துக்காரர். மாருதி 800-ன் சின்ன எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டி, நம்ம பையன்களுக்கு ஒற்றை இருக்கைக் கார் ஓட்டும் வாய்ப்பைக் கொண்டுவந்தவர். 1995-ல் விமான விபத்தில் இறந்தபோது வயது 41தான்.

அங்கிருந்துதான் மாப்ளையின் கனவு. நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஓட்டிய ஜோர்டான் காரின் ஊளையை வீடியோவில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன். அது டர்போ இல்லாத 10 சிலிண்டர் எஞ்சின்! டர்பைன் புகையின் சக்தியைப் பிடுங்கும்போது சத்தத்தையும் விழுங்கிவிடும். ஃபார்முலா 1-க்கே இந்தத் தலைவலி வந்தது. 2014-ல் டர்போவுக்குத் திரும்பியதும் ரசிகர்கள் சத்தமே இல்லை என்று புலம்ப, மெர்சிடிஸ் அணி புகைக்குழாய் முனையில் ஒரு நாதஸ்வர அணைசு மாதிரி மாட்டிச் சோதித்துப் பார்த்தது. தேறவில்லை. அவர்களாலேயே முடியாதது 3 சிலிண்டரில் வராது, வெறும் உறுமல்தான் வரும்.

இதையெல்லாம் சொன்னேன். சட்டத்தையும் சொன்னேன்: வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. சத்தம், புகை வரம்பை மீறினால், 2019 திருத்தப்படி முதல் தடவையே 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தலையை ஆட்டினான்.

"அப்போ டிராக்ல மட்டும் திறந்தா?"

"டிராக்குக்கு வருசத்துல எத்தனை நாள்டா போவே?"

பதில் இல்லை. வால்வுக்கு ஆர்டர் போட்டாச்சுன்னு நேற்று அக்கா போனில் சொன்னாங்க.