கடைநிலைச் சிப்பாயின் பார்வையில் போர்: ஜெர்மானிய நாவல் மரபு ஒன்றின் வரலாறு

போரைப் பற்றி எழுதும் உரிமை நெடுங்காலம் போரை நடத்தியவர்களின் கையிலேயே இருந்தது. மன்னர்களின் வெற்றிப் பாடல்களும் தளபதிகளின் நினைவுக்குறிப்புகளும் படைப்பிரிவுகள் தம் புகழுக்காகத் தொகுத்த வரலாறுகளும் ஐரோப்பிய மொழிகளில் குவிந்து கிடக்க, உத்தரவுக்குப் பணிந்து சென்று மடிந்தவர்கள் அவற்றில் வெறும் எண்ணிக்கையாகவே இடம்பெற்றனர். ஜெர்மானிய மொழியில் இதற்கு விதிவிலக்காக ஒரு பெரும் படைப்பு முன்பே தோன்றியிருந்தது. 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் சிறுவனாகவே படைகளுக்குள் இழுக்கப்பட்ட கிரிமெல்ஸ்ஹவுசன், 1668இல் வெளியிட்ட ‘சிம்ப்ளிசிசிமஸ்’ நாவலில், சூறையாடப்பட்ட பண்ணையிலிருந்து தப்பியோடும் ஏதுமறியாச் சிறுவன் ஒருவனின் வாய்மொழியாகவே அந்தப் போரைச் சொல்லவைத்தார். ஆயினும் சாதாரணச் சிப்பாயின் பார்வை தனியொரு நாவல் வகையாக வளர்வதற்கு முதல் உலகப்போரும், அதன் பின் ஏறத்தாழ பத்தாண்டு மௌனமும் தேவைப்பட்டன.

அப்போரின் அளவும் தன்மையுமே இந்த மாற்றத்துக்கு அடிப்படைக் காரணங்கள். கட்டாயப் படைச்சேர்ப்பின் வழியாக ஜெர்மனி ஏறத்தாழ ஒரு கோடியே முப்பது லட்சம் ஆண்களுக்குச் சீருடை அணிவித்தது. அவர்களில் சுமார் இருபது லட்சம் பேர் உயிரிழந்தனர். 1914ஆம் ஆண்டின் இறுதிக்குள் மேற்குப் போர்முனை வடகடல் முதல் சுவிட்சர்லாந்து எல்லை வரை நீண்ட அகழிகளின் வரிசையாக உறைந்துபோனது. அகழி என்பது வீரர்கள் நிலத்தைத் தோண்டி, அதற்குள்ளேயே உண்டும் உறங்கியும் காவல் காத்தும் மாதக்கணக்கில் வாழ்ந்த பள்ளம். தொலைவிலிருந்து வந்து விழும் பீரங்கிக் குண்டுக்கு வீரமும் கோழைத்தனமும் ஒன்றே என்பதால், தனிமனித வீரத்தைப் போற்றிய பழைய போர்க்கதை வடிவம் இந்த அனுபவத்தைத் தாங்கவில்லை. எனினும் போர் முடிந்த கையோடு சந்தையை நிறைத்தவை லூடெண்டார்ஃப், ஹிண்டன்பர்க் போன்ற தளபதிகளின் நூல்களே. 1920இல் வெளியான எர்ன்ஸ்ட் யூங்கரின் ‘எஃகுப் புயல்களில்’ என்ற நூல் அகழியின் அன்றாடத்தை வியக்கத்தக்க துல்லியத்துடன் காட்டியபோதும், அது பலமுறை காயமுற்றும் போரை ஓர் உன்னதச் சோதனையாக ஏற்றுக்கொண்ட இளம் அதிகாரி ஒருவரின் நாட்குறிப்பிலிருந்து எழுந்த நூலாகவே நின்றது.

1928ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெர்லினின் ‘ஃபோசிஷே சைட்டுங்’ நாளிதழில் தொடராக வந்து, 1929 ஜனவரியில் நூலாக வெளியான எரிக் மரியா ரெமார்க்கின் ‘மேற்கு முனையில் புதிதாக ஒன்றுமில்லை’ அந்த மௌனத்தை உடைத்தது. 1898இல் ஓஸ்னாப்ரூக் நகரில் பிறந்த ரெமார்க், 1916இல் கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்டு, 1917 ஜூலை இறுதியில் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் குண்டுச் சிதறல்களால் காயமுற்று, போரின் எஞ்சிய காலத்தைப் பெரும்பாலும் மருத்துவமனையில் கழித்தவர். புகழ்பெற்ற ஃபிஷர் பதிப்பகம் ஏற்க மறுத்த இந்நாவல், உல்ஸ்டைன் குழுமத்தின் வழியாக வெளிவந்து, ஒன்றரை ஆண்டுக்குள் ஜெர்மனியில் மட்டும் ஏறத்தாழ பத்து லட்சம் பிரதிகள் விற்றது. எழுதிப் பழகாத முன்னாள் சிப்பாய் ஒருவர் மனச்சுமையை இறக்கிவைக்க எழுதிய நூல் என்று பதிப்பகம் இதை விளம்பரப்படுத்தியது. உண்மையில் ரெமார்க் அதற்கு முன்பே நாவல்கள் எழுதியவர். விளம்பர எழுத்தாளராகவும் இதழாசிரியராகவும் பணிபுரிந்தவர். எளிய சிப்பாயின் குரல் தேர்ந்த கைவினையால் உருவாக்கப்பட்டது என்ற இந்த உண்மை நாவலின் நேர்மையைக் குறைப்பதில்லை. அக்குரலுக்காக வாசகர் உலகம் எவ்வளவு ஏங்கிக் காத்திருந்தது என்பதையே அது காட்டுகிறது.

நாவலின் கதைசொல்லியான பவுல் பாய்மர், நாட்டுப்பற்றை முழங்கிய பள்ளி ஆசிரியரின் தூண்டுதலால் வகுப்புத் தோழர்களோடு படையில் சேர்ந்த இளைஞன். இறந்துகொண்டிருக்கும் நண்பனின் நல்ல காலணிகள் அடுத்து யாருக்கு என்ற கேள்வியும், முன்பு தபால்காரராக இருந்து இப்போது பயிற்சி அதிகாரியாகிவிட்ட ஒருவரின் கொடுமையும், அடுத்த வேளைச் சோற்றை எங்கிருந்தாவது தேடிக் கொண்டுவரும் மூத்த தோழன் காட்சின்ஸ்கியின் திறமையும் படைகளின் நகர்வை விடப் பெரிய செய்திகளாக இங்கே விரிகின்றன. பவுல் தன்னைப் பற்றிப் பெரும்பாலும் ‘நாங்கள்’ என்றே பேசுகிறான். ஒரு தலைமுறை முழுவதும் தன்னை அந்தப் பன்மையில் அடையாளம் கண்டதே நூலின் பெருவெற்றிக்குக் காரணம். அதே வேளையில், குண்டு விழுந்த பள்ளமொன்றில் தான் குத்திய பிரெஞ்சு வீரனுடன் பவுல் மணிக்கணக்கில் கிடக்க நேர்வதும், அவன் அச்சுத் தொழிலாளி என்பதையும் அவனுக்கு மனைவியும் மகளும் உண்டு என்பதையும் அறிவதும், முள்வேலிக்கு அப்பால் பசித்து நிற்கும் ரஷ்யக் கைதிகளைக் கண்டு கலங்குவதும் அந்தப் பன்மையின் எல்லையை எதிரி வரை விரிக்கின்றன. 1918 அக்டோபரில் போர்முனை அமைதியாக இருந்த ஒரு நாளில் பவுல் இறந்துபோக, அதுவரை தன்மையில் நடந்த கதையை வேறொரு குரல் படர்க்கையில் சில வரிகளில் முடித்துவைக்கிறது.

ரெமார்க் தனித்து நிற்கவில்லை. 1928இலேயே நூலாக வந்த லுட்விக் ரென்னின் ‘போர்’, உணர்ச்சியை அடக்கிய குறுவாக்கியங்களில் ஒரு லான்ஸ் கார்ப்பரலின் நான்காண்டுகளைச் சொன்னது. அதை எழுதியவரோ ஆர்னோல்ட் ஃபீத் ஃபொன் கோல்சனாவ் என்ற சாக்சனி நாட்டுப் பிரபுகுல அதிகாரி. அவர் தம் பெயரையும் பதவியையும் விட்டுக் கீழ்நிலைச் சிப்பாயின் பெயரை ஏற்றதோடு நில்லாமல், பின்னாளில் அப்பெயரிலேயே வாழ்ந்து, ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசின் பக்கம் நின்று போரிட்டார். 1930இல் வெளியான எட்லெஃப் கேப்பனின் ‘படை அறிக்கை’ வடிவத்தில் இன்னும் துணிச்சலானது. பீரங்கிப் படையில் தன்னார்வலராகச் சேர்ந்த ரைசிகர் என்ற மாணவனின் அனுபவங்களுக்கு நடுவே தலைமையகத்தின் செய்தி அறிக்கைகளும் பேரரசரின் உரைகளும் தணிக்கை உத்தரவுகளும் விளம்பரங்களும் மாறாமல் ஒட்டவைக்கப்பட்டிருப்பதால், அரசின் சொல்லும் சிப்பாயின் உடலும் பக்கத்துக்குப் பக்கம் எதிர்நிற்கின்றன. போரை மாபெரும் குற்றம் என்று அறிவிக்கும் ரைசிகர் இறுதியில் மனநல மருத்துவமனையில் அடைக்கப்படுகிறான்.

சிப்பாயின் குரல் மக்களிடம் இவ்வளவு செல்வாக்குப் பெற்றதால், அது யாருக்கு உரியது என்ற அரசியல் சண்டையும் உடனே மூண்டது. வெர்னர் பாய்மெல்புர்க் 1930இல் வெளியிட்ட ‘போசமுல்லர் குழு’ என்ற நாவல், வெர்டன் போர்க்களத்தின் அதே சேற்றையும் அதே சாவையும் மறைக்காமல் காட்டிவிட்டு, அவற்றிலிருந்து பிறந்த தோழமையே புதிய தேசத்தின் வித்து என்ற முடிவுக்கு வந்தது. துன்பத்தை உண்மையாகச் சொன்ன மாத்திரத்தில் ஒரு நூல் போருக்கு எதிரானதாகிவிடாது என்பதற்கு இது தெளிவான சான்று. ரெமார்க் நாவலின் அமெரிக்கத் திரைப்படம் 1930 டிசம்பரில் பெர்லினில் திரையிடப்பட்டபோது, கோயபல்ஸ் தலைமையில் வந்த நாஜிக் கட்சியினர் நாற்றக் குண்டுகளை வீசியும் வெள்ளைச் சுண்டெலிகளை அவிழ்த்துவிட்டும் காட்சியைக் குலைத்தனர். சில நாள்களிலேயே அரசின் தணிக்கைக் குழு படத்தைத் தடைசெய்தது. 1933 மே 10 அன்று மாணவர்கள் மூட்டிய தீயில் ரெமார்க்கின் நூல்கள், உலகப்போர் வீரர்களுக்குத் துரோகம் இழைத்தவை என்ற குற்றச்சாட்டுடன் எரிக்கப்பட்டன. 1938இல் அவருடைய குடியுரிமை பறிக்கப்பட்டது. தையற்கலைஞரான அவருடைய தங்கை எல்ஃப்ரீட ஷோல்ஸ், போரில் தோல்வி உறுதி என்று பேசியதற்காக, ‘மக்கள் நீதிமன்றம்’ என்ற பெயரில் இயங்கிய நாஜி அரசியல் நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டு, 1943 டிசம்பரில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் இம்மரபு எதிர்கொண்ட கேள்வி முற்றிலும் வேறானது. முதற்போரின் சிப்பாயைத் தளபதிகளின் தவறுகளுக்குப் பலியானவன் என்று சொல்வதில் பெரும்பாலும் நியாயம் இருந்தது. இரண்டாம் போரில் ஜெர்மானிய ராணுவமான வேர்மாக்ட், படையெடுத்துச் சென்ற நாடுகளில் யூதர்களின் படுகொலைக்குத் துணைநின்றது, கிராமங்களை எரித்தது, அதன் கையில் சிக்கிய சுமார் ஐம்பத்தேழு லட்சம் சோவியத் போர்க்கைதிகளில் ஏறத்தாழ முப்பத்து மூன்று லட்சம் பேர் பட்டினியாலும் குளிராலும் துப்பாக்கிச் சூட்டாலும் இறந்தனர். தன் பசியையும் அச்சத்தையும் மட்டுமே அறிந்த சிப்பாயின் குறுகிய பார்வை, முன்பு பொய்யைக் கிழித்த கருவியாக இருந்தது போலவே, இப்போது உண்மையை மறைக்கும் திரையாகவும் ஆகக்கூடிய நிலை உருவாயிற்று.

இந்த இக்கட்டைப் படைப்பாளிகள் பலவாறு எதிர்கொண்டனர். சோவியத் நாட்டில் புகலிடம் பெற்றிருந்த தியோடர் பிளீவியர், ஸ்டாலின்கிராடில் சரணடைந்த கைதிகளை நேரில் கண்டு பேசியும் வீரர்களின் கடிதங்களைப் படித்தும் எழுதிய ‘ஸ்டாலின்கிராட்’, தண்டனைப் படைப்பிரிவில் பிணங்களைப் புதைக்கும் ஒருவனிடமிருந்து தொடங்கி, 1945இல் பெர்லினில் நூலாக வந்தது. ஸ்டாலின்கிராடில் சிறைப்பட்ட சுமார் தொண்ணூறாயிரம் ஜெர்மானியரில் ஏறத்தாழ ஆறாயிரம் பேரே நாடு திரும்பினர். ஆறாண்டுகள் சிப்பாயாக இருந்த ஹைன்ரிஹ் பொல், பின்னாளில் 1972ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றவர். அவருடைய 1949ஆம் ஆண்டுக் குறுநாவலான ‘ரயில் சரியான நேரத்துக்கு வந்தது’, விடுப்பு முடிந்து போலந்து நோக்கிச் செல்லும் ஒருவனின் மரண முன்னுணர்வைச் சொல்கிறது. 1951இல் வந்த ‘ஆதாமே, நீ எங்கே இருந்தாய்?’ நாவலில் அவர் சிப்பாயின் பார்வையை விட்டு ஓர் அத்தியாயத்தில் வெளியேறுகிறார். நாயகன் நேசித்த யூதப் பெண் இலோனா, பாடகர் குழு நடத்தும் வதைமுகாம் தலைவனால் சுட்டுக் கொல்லப்படுவதை நாயகன் அறிவதே இல்லை, வாசகர் அறிகிறார். சிப்பாய்க்குத் தெரியாததை வாசகருக்குத் தெரிவித்த இந்த உத்தி, இம்மரபில் நிகழ்ந்த மிக முக்கியமான அறத் திருப்பம்.

மேற்கு ஜெர்மனி மீண்டும் ராணுவம் அமைத்த 1955ஆம் ஆண்டிலேயே, கிழக்கு முனையில் காயமுற்ற கெர்ட் லேடிக் எழுதிய ‘ஸ்டாலின் ஆர்கன்’ வெளிவந்தது. சோவியத் ராக்கெட் பீரங்கிக்கு ஜெர்மானியச் சிப்பாய்கள் இட்ட பட்டப்பெயரே அதன் தலைப்பு. லெனின்கிராடுக்கு அருகிலுள்ள ஒரு குன்றைச் சுற்றி நடக்கும் அதன் மாந்தர்களில் பலர் பெயரின்றிப் பதவியால் மட்டும் குறிக்கப்படுவது, மனிதரைப் பண்டமாக்கும் எந்திரத்தை எவ்விளக்கமும் இன்றிக் காட்டிவிடுகிறது. அதே ஆண்டில் வந்த வில்லி ஹைன்ரிஹின் ‘பொறுமையான சதை’, பதக்கத்துக்கு அலையும் கேப்டனுக்கும் அனுபவமிக்க சிப்பாய் ஸ்டைனருக்கும் இடையிலான மோதலை மையமாக்கியது. மறுபுறம், 1957 முதல் 2013 வரை வெளிவந்த ‘டெர் லாண்ட்ஸர்’ என்ற மலிவுவிலைக் கதை இதழ், கட்டளைக்குப் பணிந்த நல்ல சிப்பாய், குற்றம் செய்தவர் வேறு யாரோ என்ற ஆறுதலை வாசகர்களுக்குத் தொடர்ந்து வழங்கியது.

அந்த ஆறுதலைக் குலைக்க ரெமார்க்கே முயன்றார். 1954இல் வந்த ‘வாழ ஒரு காலம், சாக ஒரு காலம்’ என்ற நாவலின் நாயகன் கிரேபர், ரஷ்யக் கிராமமொன்றில் கைதிகளைச் சுட்டுக் கொல்லும் குழுவில் தானும் நின்றவன். தெரிந்தே தொடர்ந்து போரிட்டால் குற்றத்தில் தன் பங்கு எவ்வளவு என்று தன் பழைய ஆசிரியரிடம் கேட்பவன். அந்தக் கேள்வியைத் தாங்கும் மனநிலை அன்றைய மேற்கு ஜெர்மனியில் இல்லாததால், பல பகுதிகள் மாற்றப்பட்டும் மென்மையாக்கப்பட்டுமே ஜெர்மானியப் பதிப்பு வெளிவந்தது. மூல வடிவம் ஜெர்மானிய வாசகர்களுக்குக் கிடைக்க 1989 வரை ஆயிற்று. 1995இல் ஹாம்பர்க்கில் தொடங்கிப் பல நகரங்களுக்குச் சென்ற வேர்மாக்ட் குற்றங்கள் குறித்த கண்காட்சி, குடும்ப ஆல்பங்களில் இருந்த தந்தையரைப் பற்றிய விவாதத்தை வீட்டுக்கு வீடு எழுப்பியது. நாஜிக் கட்சியின் ஆயுதப் பிரிவான வாஃபன் எஸ்எஸ் படையில் சேர்ந்து 1943இல் உக்ரைனில் இறந்த தன் அண்ணனின் நாட்குறிப்பை ஆராய்ந்து ஊவெ டிம் 2003இல் எழுதிய ‘என் சகோதரனை முன்வைத்து’ என்ற நூல், அக்குறிப்பில் எழுதப்பட்டிருப்பதைப் போலவே எழுதப்படாமல் விடப்பட்டதையும் கூர்ந்து வாசிக்கிறது.

எனவே, சாதாரணச் சிப்பாயின் பார்வை தன்னளவில் உண்மையின் உத்தரவாதம் ஆகாது என்பதே இந்த மரபின் வரலாறு தரும் தீர்ப்பு. அப்பார்வை எட்டாத இடத்தில் நிற்பவர்களையும், அதாவது பள்ளத்தில் கிடந்த பிரெஞ்சு அச்சுத் தொழிலாளியையும், முள்வேலிக்குப் பின்னிருந்த ரஷ்யக் கைதியையும், பாடிக்கொண்டே கொல்லப்பட்ட இலோனாவையும் வாசகரின் கண்முன் நிறுத்திய நாவல்களே காலத்தைக் கடந்து நிற்கத் தகுதியுடையவை. எந்த நாட்டின் எந்தப் போரைப் பற்றிய சிப்பாய்க் கதையாயினும், அதில் யார் பேசுகிறார் என்பதோடு யார் பேசவே இல்லை என்பதையும் கேட்டுப் படிப்பது வாசகரின் கடமை.