தப்பு யார் மேல்?

ஓர் அப்ளிகேஷன் பாரத்தைப் பற்றிப் பேசப்போகிறோம். அதற்கு முன்னால் ஒரு போர் விமானத்தைப் பார்த்துவிடலாம். காரணம் இருக்கிறது.

இரண்டாம் உலக யுத்தம் உச்சத்தில் இருந்த சமயம். அமெரிக்காவிடம் பி-17 என்று ஒரு குண்டுவீச்சு விமானம். எதிரியின் வானத்தில் அடி வாங்கித் திரும்பி வந்து, பத்திரமாகத் தரையும் இறங்கிவிடும். அப்பாடா என்று மூச்சு விடும் நேரத்தில், ஓடுபாதையிலேயே சக்கரங்கள் மடங்கி உள்ளே போய்விடும். வயிறு தரையில் தேய்ந்து விமானம் நாசம். விசாரித்தால், இறக்கையில் இருக்கும் ஃப்ளாப்பை மடக்குவதற்குப் பதிலாக விமானி சக்கரத்தை மடக்கியிருப்பார். ஒருவர் இருவர் என்றால் பரவாயில்லை. திரும்பத் திரும்ப இதே கதை. 'விமானியின் தவறு' என்று எழுதி ஃபைலை மூடிக்கொண்டிருந்தார்கள்.

ஒஹாயோ மாநிலத்தில் ரைட் ஃபீல்ட் என்கிற ராணுவ விமானத் தளம். அங்கே வேலை பார்த்த ஆல்ஃபோன்ஸ் சபானிஸுக்கு இது சரியாகப் படவில்லை. அவர் எஞ்சினியர் இல்லை. யேல் பல்கலைக்கழகத்தில் மனோதத்துவம் படித்தவர். விமானி உட்காரும் இடத்தைப் போய்ப் பார்த்தார். ஃப்ளாப்புக்கு ஒரு ஸ்விட்ச், சக்கரத்துக்கு ஒரு ஸ்விட்ச். பக்கத்துப் பக்கத்தில். அச்சாக ஒரே மாதிரி! தூக்கமும் களைப்புமாக வருகிற மனுஷன் என்ன செய்வான், பாவம்?

சபானிஸ் சொன்ன வைத்தியம் ரொம்பச் சுலபம். சக்கர ஸ்விட்சின் தலையில் சின்னதாக ஒரு ரப்பர் சக்கரம். ஃப்ளாப் ஸ்விட்சின் தலையில் ஆப்பு மாதிரி ஒரு துண்டு. இருட்டில் தடவினால்கூட எது எதுவென்று கைக்குத் தெரிந்துவிடும். இன்றைக்கும் பயணிகள் விமானத்தில் அந்தப் பிடி சக்கர வடிவத்தில்தான் இருக்கிறது.

யுத்தம் முடிந்து, 1947-ல் பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் என்று இரண்டு பேர் இதே மாதிரி 460 சம்பவங்களைத் திரட்டி ஓர் அறிக்கை எழுதினார்கள். தலைப்பிலேயே 'விமானியின் தவறு' என்பதை மேற்கோள் குறிக்குள் போட்டுவிட்டார்கள். அந்த இரண்டு குறிகளுக்குள் ஒரு படிப்பே ஒளிந்திருந்தது.

ஹெச்.சி.ஐ. என்பார்கள். மனித - கணினி ஊடாட்டம் என்று தமிழில் சொல்லலாம். மனிதனும் கம்ப்யூட்டரும் சண்டை போடாமல் குடித்தனம் நடத்துவது எப்படி என்கிற படிப்பு. இதில் எம்.எஸ். படிக்க அப்ளிகேஷன் போட நினைக்கிற பிள்ளைகள் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கலையே, என்னை எடுத்துப்பாங்களா?"

இதைக் கட்டியவர்களே என்ன படித்தார்கள் என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

ஃபிட்ஸ் மனோதத்துவக்காரர். தூரமாகவும் சின்னதாகவும் இருக்கிற ஒரு பொருளைத் தொடக் கைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று 1954-ல் ஒரு விதி எழுதினார். கம்ப்யூட்டருக்காக எழுதியதில்லை. ஆனால் 1978-ல் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்ட்டோ ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் கார்டும் சகாக்களும் மவுஸைச் சோதிக்க அந்த விதியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஜாய்ஸ்டிக், அம்புக்குறி விசைகள் எல்லாவற்றையும் மவுஸ் ஜெயித்தது. கார்ட் முதலில் படித்தது இயற்பியல். பிறகு மனோதத்துவத்தில் டாக்டர் பட்டம்.

1983-ல் கார்ட், டாம் மோரன், ஆலன் நியூவெல் மூவரும் சேர்ந்து இந்தத் துறைக்கு அடித்தளமாக ஒரு புத்தகம் எழுதினார்கள். நியூவெல்லின் டாக்டர் பட்டம் எதில் தெரியுமா? தொழில் நிர்வாகத்தில்! பிட்ஸ்பர்க்கில் ஒரு பிசினஸ் ஸ்கூலில் வாங்கியது. அவருடைய குரு ஹெர்பர்ட் சைமன், 1978-ல் பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கியவர். பி.காம். படித்த என் போன்றவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

டொனால்ட் நார்மன் மின்பொறியியல் படித்துவிட்டு மனோதத்துவத்துக்குத் தாவியவர். 1979 மார்ச்சில் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையில் விபத்து. ஒரு வால்வு திறந்தே கிடக்கிறது. பலகையில் இருந்த விளக்கோ, மூடச்சொல்லி உத்தரவு போனதை மட்டும்தான் காட்டும். ஊழியர்கள் மூடிவிட்டது என்று நம்பிவிட்டார்கள். ஊழியர்களின் தவறுகளை ஆராயக் கூப்பிடப்பட்டவர்களில் நார்மனும் ஒருவர். பார்த்துவிட்டு, கோளாறு கட்டுப்பாட்டு அறையின் வடிவமைப்பில் என்று சொன்னார்கள். பி-17 கதைதான். இடம்தான் வேறு.

ஆக, 1992-ல் இதற்கென்று ஒரு பாடத்திட்டம் வரைந்தபோதும், 1994-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் தனியாக ஒரு நிலையமே தொடங்கியபோதும், ஒரே துறையின் வாசலில் பலகை மாட்ட முடியவில்லை. கம்ப்யூட்டர், மனோதத்துவம், டிசைன் மூன்றும் அங்கே ஒரே கூரையின் கீழ். ஜார்ஜியா டெக்கில் இலக்கியம், ஊடகம் சொல்லித்தரும் துறைக்கும் இந்தப் படிப்பில் பங்கு உண்டு.

அப்ளிகேஷனில் கேட்கிற சமாசாரங்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். மார்க் பட்டியல், சிபாரிசுக் கடிதங்கள், ஆங்கிலத் தேர்வு, ஏன் படிக்க வருகிறாய் என்று ஒரு கட்டுரை. ஜி.ஆர்.இ.யைப் பல இடங்களில் இப்போது கட்டாயமாக்குவதில்லை. பதிலுக்கு, செய்த வேலைகளின் தொகுப்பைக் கேட்கிற இடங்கள் உண்டு. இங்கேதான் நம் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். பளபளவென்று பத்து ஸ்கிரீன் படத்தை ஒட்டி அனுப்பிவிடுவார்கள். கட்டுரையில், சிறு வயது முதலே கம்ப்யூட்டர் மீது தீராத காதல்.

காதல் இருக்கட்டும். பென்ஷன் எடுக்க வந்த ஒரு பெரியவர் ஏ.டி.எம். முன்னால் விழித்துக்கொண்டு நிற்கிறார். "எனக்கு இதெல்லாம் தெரியாதுப்பா" என்று கூச்சத்தோடு கார்டை யாரிடமோ நீட்டுகிறார். தெரியாதது அவர் குற்றமா, அந்தத் திரையின் குற்றமா? அவர் எந்த இடத்தில் நின்றுபோனார், நீங்கள் என்ன மாற்றிப் பார்த்தீர்கள், முதல் இரண்டு முயற்சி ஏன் ஊற்றிக்கொண்டது? இதை நாலு பக்கத்தில் நேர்மையாக எழுதினால் அதுதான் தொகுப்பு. இதற்குக் கம்ப்யூட்டர் பட்டம் வேண்டியதில்லை. பொறுமை வேண்டும்.

கணக்குப் பார்க்காமல் விட மனசில்லை. இந்த மாதிரித் தொழில்முறைப் படிப்புகளுக்கு உதவித்தொகை சொற்பம். பெரும்பாலும் கைக்காசு, இல்லாவிட்டால் கடன். வேலைக்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை. வங்கிக் கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன் அப்பா அம்மாவோடு உட்கார்ந்து, வட்டியையும் சேர்த்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

அதற்குப் பிறகும் ஆசை போகவில்லை என்றால் தாராளமாக அப்ளிகேஷனைப் போடுங்கள். அதற்கு முன் ஒரு நாள் அந்த ஏ.டி.எம். வாசலில் போய் நின்று, வருகிறவர்களைக் கொஞ்சம் கவனித்துவிட்டு வந்து எழுத உட்காருங்கள்.