இலைக்குப் பங்கு, காட்டுக்கு உரிமை: காணிக்காரர்களும் சோலிகர்களும்

பெங்களூரு ஆஸ்டின் டவுனின் தமிழ்க் குடும்பங்களுக்கு நெல்லி வற்றலும் கடுக்காயும் சீயக்காயும் மலைத்தேனும் புதியவை அல்ல. நாட்டு மருந்துக் கடையில் பெயர் சொல்லி வாங்கும் பொருள்கள்தாம். ஆனால் எந்த மரத்தில், எந்தப் பருவத்தில், எவ்வளவு பறித்தால் மறு ஆண்டும் காய்க்கும் என்று அறிந்தவர்கள் மலையில் இருக்கிறார்கள். நாம் கொடுக்கும் பணத்தில் அந்த அறிவுக்கு என்ன போய்ச் சேர்கிறது? இதற்கு விடை தேட இரண்டு சமூகங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று, அகத்தியமலையின் காணிக்காரர்கள். மற்றொன்று, கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் பிளிகிரிரங்கன மலையில் வாழும் சோலிகர்கள். முதல் சமூகத்துக்கு அறிவில் பங்கு கிடைத்தது. இரண்டாவது சமூகத்துக்குக் காட்டில் உரிமை கிடைத்தது. ஒன்றில்லாமல் மற்றது நிலைக்கவில்லை.

காணிக்காரர்கள்: அறிவுக்குக் கிடைத்த பங்கு

1987 இறுதியில் புஷ்பாங்கதன் தலைமையிலான தாவர ஆய்வுக் குழு ஒன்று அகத்தியமலைக் காட்டில் நடந்தது. வழிகாட்டிகளாக வந்த காணி இளைஞர்கள் சோர்வே இல்லாமல் ஏறினார்கள். இடையிடையே ஒரு சிறு செடியின் காய்களைத் தின்றார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. முதலில் அதைப் பற்றிச் சொல்லத் தயங்கியவர்கள் பின்னர் மனமிரங்கிச் சொன்னார்கள். பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதை ஆராய்ந்து, அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி ஆகியவற்றுடன் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995இல் கோவையின் ஆர்ய வைத்திய பார்மசி 7 ஆண்டுகளுக்குத் தயாரிப்பு உரிமம் பெற்றது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய். விற்பனையில் 2 சதவீதம் உரிமைத்தொகை. இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று ஆய்வு நிறுவனம் முடிவு செய்தது. அதற்காக 1997இல் ஓர் அறக்கட்டளை பதிவானது. 1999இல் 5 லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட தொகை அதன் கணக்கில் சேர்ந்தது.

இந்தியாவில் பல்லுயிர்ச் சட்டமே 2002இல்தான் வந்தது. அதற்கு முன்பே ஓர் ஆய்வு நிறுவனம் தானாக முன்வந்து பாதியைக் கொடுத்தது பெரிய செயல். அதே சமயம் கணக்கையும் பார்க்க வேண்டும். 100 ரூபாய் விற்பனையில் காணிகளுக்கு வந்தது 1 ரூபாய். அதைவிடப் பெரிய வருமானம் இலையைப் பயிரிட்டு விற்பதில் இருந்தது. மரநிழலும் ஈரமும் வேண்டும் செடி அது; காணிகள் வாழும் இடமே அதன் இடம். சில குடும்பங்கள் பயிரிடவும் தொடங்கின. ஆனால் காட்டுச் செடியும் வேரோடு போய்விடும் என்று அஞ்சிய வனத்துறை தடுத்தது. இலை வரத்து குறைய, மருந்தும் பங்கும் சேர்ந்தே தளர்ந்தன. சமூகத்துக்குள்ளும் மனத்தாங்கல் எழுந்தது. பிலாத்தி எனப்படும் மரபு மருத்துவர்கள் சிலர், தங்கள் அறிவு தங்களைக் கேளாமல் விலைபோனதாகச் சொன்னார்கள்.

சோலிகர்கள்: காட்டில் கிடைத்த உரிமை

பிளிகிரிரங்கன மலை 1974இல் சரணாலயமானது. சோலிகர்களின் காட்டெரிப்பு வேளாண்மை நின்றது. நெல்லி, தேன், பாசி, சீயக்காய் சேகரிப்பே வாழ்வாதாரமானது. 1990களில் குடும்பங்களின் ரொக்க வருமானத்தில் ஏறத்தாழ பாதி இதிலிருந்தே வந்தது. லேம்ப்ஸ் என்னும் பழங்குடிக் கூட்டுறவுச் சங்கங்கள் வாங்கி வியாபாரிகளுக்கு விற்றன. சோலிகருக்குக் கிடைத்தது அவர் சுமந்து வந்த கிலோவின் விலை. எந்தக் கிளையை விட்டுவைக்க வேண்டும் என்ற அறிவுக்கு அதில் தனி மதிப்பு இல்லை.

வனவிலங்குச் சட்டத்தின் 2002 திருத்தத்தைக் காட்டி, அடுத்த சில ஆண்டுகளில் விற்பனைக்கான சேகரிப்பு நிறுத்தப்பட்டது. அதன்பின் சோலிகர்கள் வன உரிமைச் சட்டத்தைக் கையிலெடுத்துப் போராடினார்கள். 2011இல், அதே மலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட ஆண்டிலேயே, சமூக வன உரிமை பெற்றார்கள். இந்தியப் புலிகள் காப்பகம் ஒன்றில் அத்தகைய உரிமை கிடைத்தது அதுவே முதல் முறை.

அவர்களின் அறிவு மருந்துச் செடியோடு நிற்பதில்லை. நெல்லி மரங்களைப் புல்லுருவி பற்றி அழிப்பதற்குக் காரணம், முன்பு தாங்கள் ஆண்டுதோறும் சருகுக்கு இட்ட மெல்லிய தீ தடுக்கப்பட்டதே என்கிறார்கள் மூத்த சோலிகர்கள். உண்ணிச்செடி காடெங்கும் பரவியதற்கும் அதையே காரணமாகச் சொல்கிறார்கள். ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். நெல்லி விளைச்சலைக் காக்கும் இந்த அறிவுக்கு எந்த உரிமத்திலும் இடமில்லை.

இரண்டும் முறிந்த இடம்

காணிகளிடம் ஒப்பந்தம் இருந்தது. இலையை விளைவிக்க நிலத்தின் மீது அதிகாரம் இல்லை. சோலிகர்களிடம் உரிமைப் பத்திரம் இருக்கிறது. நெல்லியைப் பொடியாக்கி, தேனை வடிகட்டி, தங்கள் பெயரில் விற்கும் வலு போதவில்லை. உரிமைத்தொகை மட்டும் போதாது என்பதற்கு ஆப்பிரிக்காவின் சான் மக்களும் சாட்சி. பசியடக்கும் ஹூடியா செடிக்காக 2003இல் அவர்கள் உரிமைத்தொகையில் 6 சதவீதப் பங்கு பெற்றார்கள். 2008இல் அதைச் சந்தைப்படுத்தவிருந்த யூனிலீவர் நிறுவனம் விலகியதும் பெருவருமானக் கனவு கலைந்தது. வாங்குபவர் எழுந்து போனால் உரிமைத்தொகையும் போய்விடும். விளைவிக்கும் இடமும் பதப்படுத்தும் கூடமும் கையில் இருந்தால் வேறு சந்தை தேடலாம்.

சட்டமும் இரு சமூகங்களை வேறு வேறாக நடத்துகிறது. பல்லுயிர்ச் சட்டத்தின் 2023 திருத்தம், நூல்களில் ஏறிய மரபறிவைப் பயன்படுத்துவோருக்குப் பயன்பகிர்விலிருந்து விலக்கு அளித்தது. ஆரோக்கியப்பச்சை காணிகளின் வாய்மொழியில் வாழ்ந்தது. அத்தகைய அறிவுக்குப் பங்கு கேட்க இன்னும் வழியுண்டு. நெல்லியும் கடுக்காயும் ஆயுர்வேத நூல்களில் இருக்கின்றன. ஆகவே அவற்றைக் காத்துத் தரும் சோலிகருக்கு அந்த வழி அடைபடுகிறது. நூலில் பெயர் இருப்பதால் மட்டும் மரம் காய்த்துவிடாது. காய்க்க வைப்பவரின் அறிவுக்கும் பங்கு வேண்டும்.

அறிவுக்கான பங்கையும் காட்டின் உரிமையையும் இணைக்கும் கருவி நம் கையிலேயே இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, சிறு வன மகசூலின் உடைமையையும், பல்லுயிர் சார்ந்த மரபறிவின் மீதான சமூக அறிவுசார் உரிமையையும் ஒரே பட்டியலில் வைத்திருக்கிறது. அதை ஏட்டில் வைத்திருப்பதால் பயனில்லை. எவ்வளவு பறிப்பது, யாருக்கு விற்பது என்பதைக் கிராம சபை முடிவு செய்ய வேண்டும். பதப்படுத்தும் கூடத்துக்கு அரசு முதலீடு தர வேண்டும். அறிவை வெளியே கொடுக்கும் முன் காணிகளின் பிலாத்திகள் போன்ற மரபு மருத்துவர்களின் சம்மதமும் பெற வேண்டும். பெங்களூரு போன்ற பெரிய சந்தை அருகில் இருக்கும்போது, நெல்லிப் பொட்டலத்தின் மேல் எந்த மலை, எந்தச் சங்கம் என்று அச்சிடுவது கடினமல்ல. அதைக் கேட்டு வாங்குவது ஆஸ்டின் டவுனிலிருந்தே தொடங்கலாம்.