பெயர் பறிக்கப்பட்ட குலம்

ஒருவன் தன் முன்னோரின் பெயரைத் தன் பெயராகச் சொன்னால் அதற்குத் தண்டனை மரணம் என்று சட்டம் எழுதிய நாடு ஸ்காட்லாந்து. அச்சட்டத்திற்கு இலக்கானவர்கள் மக்கிரெகர் குலத்தார். 1603இல் பறிக்கப்பட்ட பெயர் அவர்களுக்கு நிலையாகத் திரும்பக் கிடைத்தது 1774இல்தான்.

ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் குலத்தைக் ‘கிளான்’ என்பர். கேலிக் மொழியில் அதற்குப் பிள்ளைகள் என்பது பொருள். ‘மக்’ என்றால் மகன். பனூ ஹாஷிம், பனூ தமீம் என்றும், இப்னு இன்னார் என்றும் கேட்டுப் பழகிய நம் செவிகளுக்கு இம்முறை அயலானதன்று. கிரெகரின் வழி வந்தோர் மக்கிரெகர். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆண்ட கென்னத் மக்கால்பின் என்னும் மன்னரின் வழித்தோன்றல்கள் தாங்கள் என்பது அவர்களின் நெடுங்கால உரிமைப் பேச்சு. இதனை நிறுவும் சான்று கிடையாது. பதினான்காம் நூற்றாண்டுக்கு முற்பட்ட அவர்களின் வரலாறு மூடுபனிக்குள்தான் இருக்கிறது. நசபில் பெருமை தேடுவோர் எந்த நாட்டிலும் ஓர் அரசரின் வாயிலில் போய்த்தான் நிற்பர் போலும்!

கிளென் ஆர்க்கி, கிளென் ஸ்ட்ரே முதலிய பள்ளத்தாக்குகளில் அவர்கள் வாழ்ந்தனர். நிலத்தை அவர்கள் வைத்திருந்தது வாளாலும் வழக்கத்தாலும். அண்டை அயலாரான காம்பெல் குலத்தாரோ அரசரிடம் பட்டயம் பெற்றிருந்தனர். பகைக்கு வேர் இதுதான் என்பது நம் கருத்து. பட்டா உள்ளவனுக்கும் பரம்பரையாகக் குடியிருப்பவனுக்கும் இடையே எழுந்த வழக்கு அது. குருதி சிந்தியது பிறகு. கிளென் ஸ்ட்ரேயின் தலைவர் கிரெகர் ராயின் உரிமையை ஏற்க மறுத்த காம்பெல் தலைவர், 1570இல் அவரைச் சிரச்சேதம் செய்வித்தார். கிரெகரின் மனைவியும் ஒரு காம்பெல் குலப் பெண்ணே! தன் சுற்றத்தாராலேயே கணவனை இழந்த அவள், மடியிலிருந்த மகவை நோக்கிப் பாடியதாகச் சொல்லப்படும் ஒப்பாரி இன்றும் கேலிக் மொழியில் பாடப்பட்டு வருகிறது. தாலாட்டும் ஒப்பாரியும் ஒன்றாகிவிட்ட பாட்டு அது.

அந்தத் தம்பதியரின் மைந்தர் அலஸ்டர் குலத்தலைவரானார். 1603 பிப்ரவரி 7ஆம் நாள் கிளென் ஃபுரூயின் பள்ளத்தாக்கில் கொஹூன் குலத்தாரை அவர் முறியடித்தார். உயிர்ச்சேதம் கடுமையாக இருந்தது. மன்னர் ஆறாம் ஜேம்ஸ் அப்போது இங்கிலாந்தின் அரியணை ஏறப் புறப்பட்டுக் கொண்டிருந்தார். அவர் எடின்பரோவை விட்டு நீங்குவதற்கு இரண்டு நாட்கள் முன்பு, ஏப்ரல் 3ஆம் நாள், அரச ஆலோசனைச் சபை மக்கிரெகர் என்ற பெயரையே ஒழித்துக் கட்டளையிட்டது.

அலஸ்டரைப் பிடித்த விதம் வெறுக்கத்தக்கது. ஸ்காட்லாந்தை விட்டுப் பத்திரமாக வெளியே அனுப்புவதாக ஆர்கைல் பிரபு வாக்களித்தார். அவ்வாறே எல்லை தாண்டி இங்கிலாந்து மண்ணில் கால் வைக்கச் செய்தார். உடனே திரும்பக் கொண்டுவந்தார்! வாக்கு எழுத்தளவில் நிறைவேறியது. ஆர்கைல்தான் தம்மைத் தூண்டிவிட்டவர் என்று அலஸ்டர் தம் இறுதி வாக்குமூலத்தில் கூறினார், யாரும் செவிசாய்க்கவில்லை. 1604 ஜனவரி 20ஆம் நாள் எடின்பரோவில் தம்மவர் பதினொருவருடன் அவர் தூக்கிலிடப்பட்டார். தலைவர் என்பதற்காக, ஓர் ஆள் உயரம் மேலே தொங்கவிட்டார்களாம்.

பின்னர் வந்த ஆணைகள் இன்னும் விந்தையானவை. அக்குலத்தார் நால்வருக்கு மேல் ஓரிடத்தில் கூடலாகாது. இறைச்சி அறுக்க முனையில்லாத கத்தி ஒன்றைத் தவிர ஆயுதம் வைத்திருக்கலாகாது. அவர்கள் காம்பெல், மர்ரே, கிராண்ட், டிரம்மண்ட் என்று வேற்றுப் பெயர்களுக்குள் ஒளிந்துகொண்டனர். புகழ்பெற்ற ராப் ராய்கூடத் தாய் வழிப் பெயரான காம்பெல் என்பதைத் தாங்கினார். தொலைநோக்கி ஒன்றை வடிவமைத்த ஜேம்ஸ் கிரெகரி பிறந்த அறிஞர் குடும்பமும் இக்குலத்ததே என்பர். அக்குடும்பத்து மருத்துவப் பேராசிரியர் ஒருவரின் வீட்டில் ராப் ராய் விருந்துண்ட கதையை வால்டர் ஸ்காட் எழுதியிருக்கிறார். நன்றிக்கடனாக, ‘உங்கள் மகனை மலைக்கு அழைத்துச் சென்று ஆண்மகனாக்குகிறேன், புத்தகத்தால் அவன் கெட வேண்டாம்’ என்றாராம் விருந்தாளி. மறுக்கவும் முடியாமல் கொடுக்கவும் முடியாமல் அந்தத் தந்தை பட்ட பாட்டை நாம் ஊகித்துக் கொள்ளலாம்.

1661இல் இரண்டாம் சார்லஸ் தடையை நீக்கினார். 1693இல் வில்லியம் காலத்தில் அது மீண்டும் வந்தது. 1774இல் பாராளுமன்றம் அதனை அடியோடு ஒழித்தது. தலைவர் யார் என்ற வினா எழுந்தபோது, குலத்தார் 826 பேர் கையொப்பமிட்டு ஜான் மர்ரே என்பவரைத் தேர்ந்தனர். வங்காளத்தில் கம்பெனிப் பணி புரிந்தவர் அவர். தலைவரின் பெயரே இன்னும் இரவல் பெயர்தான்!

தலைவரின் கேடயச் சின்னத்தைக் காண்போம். வெள்ளி நிறத் தளம். அதில் வேரோடு பெயர்க்கப்பட்ட ஒரு மரம். அதன் குறுக்கே நீல வாள். உடன் ஒரு பழங்கால முடி. உச்சியில் முடி தரித்த சிங்கத்தலை. ‘என் குலம் அரச குலம்’ என்று பொருள்படும் கேலிக் வாசகம் அதனுடன் உண்டு. ஸ்காட்லாந்தில் கேடயச் சின்னம் ஒருவருக்கே உரியது. குலம் முழுவதற்கும் பொதுச்சொத்தன்று. ஏனையோர் வாரும் கொக்கியும் சூழ்ந்த சிங்கத்தலையை மட்டும் அணியலாம். 1672 முதல் இவையெல்லாம் லார்ட் லயன் என்னும் அரச அதிகாரியின் பொறுப்பிலுள்ள பதிவேட்டில் ஏற வேண்டும். கடைகளில் ‘குடும்பச் சின்னம்’ என்று விற்கும் தட்டுகளை அந்தப் பதிவேடு அறியாது.

1822 ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் எடின்பரோ வந்தார். ஆறாம் ஜேம்சின் வழிவந்த மன்னர் அவர். ஸ்காட்லாந்தின் முடியும் செங்கோலும் வாளும் கோட்டையிலிருந்து ஹோலிரூட் மாளிகைக்கு ஊர்வலமாகக் கொண்டு செல்லப்பட்டன. அவற்றுக்குக் காவலாக ஆயுதம் தாங்கி நடந்தவர்கள் மக்கிரெகர் குலத்தார்.